தலைகீழாகப் பார்த்தவள்

எதையும் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பாள். காகிதத்தில் அச்சடித்து, தலைமாற்றி மேசைமேல் வைத்து, வலது கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். துறைக்குப் புதிதாக வந்தவர்கள் அவள் தூங்குகிறாள் என்று நினைப்பார்கள்.

அந்தக் காகிதத்தில் இருப்பது ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம். நாங்கள் இருவரும் கழக்கூட்டம் என்கிற மலையாள ஊருக்கு அந்தப் பக்கம், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவிகள். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களின் வெளிச்சத்தை வாரக்கணக்கில் அளந்து, அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தது. அதிலிருந்து சிவப்புக் குள்ளர்கள் என்று அழைக்கப்படும் சிறிய, சூடு குறைந்த நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றின் முன்னால் கோள் ஏதாவது கடந்து போகிறதா என்று தேடுவது எங்கள் வேலை. கோள் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். வரைகோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். நட்சத்திரமே சிறியது என்பதால் பூமியளவு கோள் போனாலும் பள்ளம் கண்ணில் படும். சூடு குறைந்தது என்பதால், வெகு அருகில் சுற்றும் கோளில்கூடத் தண்ணீர் ஆவியாகாமல், உறையாமல் நிற்க வாய்ப்புண்டு. அங்கே ஒரு வருடம் என்பது மூன்று நான்கு வாரம். எங்களைப் போன்ற சின்னத் துறைக்கு ஏற்ற வேட்டை இதுதான் என்று எங்களை வழிநடத்திய பேராசிரியர், எங்கள் சார், சொல்வார்.

ஏன் தலைகீழாகப் பார்க்கிறாய் என்று முதல் மாதமே அவளிடம் கேட்டேன்.

"நேராப் பாத்தா பள்ளம் தெரியும்லா? தலைகீழா வச்சா மேடுதான் பள்ளமாத் தெரியும். மேட்டுல கிரகம் இருக்காது. அங்கயும் எனக்கு ஒரு கிரகம் கண்ணுல பட்டா, அது கிரகம் இல்லட்டி. என் ஆசை."

என் வயதுக்காரி ஒருத்தி இப்படி ஒரு பதிலைச் சொன்னால் பாராட்டத்தான் வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் எரிந்தது. முழுக்க அணைந்துவிட்டது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

என் வீடு வலியசாலையில். அப்பா வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் எந்தப் பரீட்சை முடிவு வந்தாலும் முதலில் விசாரிக்கப்படுவது என் மதிப்பெண்தான். அவள் வீடு தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஹோட்டல் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அவள் அப்பா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பரோட்டா மாஸ்டர். மலையாளத்தில் பாடம் நடக்கும் அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழ் என்பது அவளுக்கு வீட்டில் பேசும் பேச்சு. அதிலும் பாதி மலையாளம். இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யார் முன்னால் போவார்கள் என்று நான் எனக்குள்ளேயே முடிவு செய்து வைத்திருந்தேன். சொல்லக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

தன்மேல்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வரும். கல்லூரி வாசலில் இருந்த காவலாளி என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அவளை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்காகக் கோபப்படுவது எனக்கு மிகவும் சுகமாக இருந்தது.

"உன் நிறத்தையும் ரப்பர் செருப்பையும் பாத்துட்டுத்தான் கேக்கறான். வேற என்ன?" என்றேன்.

"இல்லட்டி. நான் தலையக் குனிஞ்சிட்டே வாறேன். மூஞ்சி தெரியலேன்னா எப்படி ஆளை அறியும்?"

மறுவாரம் முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டே வாசலில் நுழைந்தாள். அப்படியும் மூன்று முறை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடும்போது, "நீ சொன்னதுதான் சரி" என்றாள். குரலில் கசப்பே இல்லை. சோதனையில் ஒரு முடிவு வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்கே நேரே போய் அந்த ஆளிடம் மலையாளத்தில், "சேட்டா, என்னை மட்டும் எதுக்கு நிறுத்துறீங்க?" என்று கேட்டாள். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. அதன் பிறகு நிறுத்தவில்லை.

அவள் சாது என்று நினைத்து அலட்சியப்படுத்தவும் முடியாது, பாருங்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா வாழைக்காய் எரிசேரி செய்திருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க தேடறேளே, அந்த கிரகத்துல மனுஷா இருக்கலாமோ?" என்று கேட்டார்.

"மனுஷன் வரைக்கும் நாங்க போகலை மாமா. தண்ணி தண்ணியா நிக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். காத்து இருக்கான்னு தெரியாது. அந்த நட்சத்திரம் வேற அப்பப்போ சீறும். சீறிச் சீறி இருக்கிற காத்தையும் ஊதித் தள்ளியிருக்கும்னு சொல்றவங்களும் உண்டு."

"பின்ன பகல், ராத்திரி?"

"ஒரு பக்கம் எப்பவும் பகல், மறுபக்கம் எப்பவும் ராத்திரி. கிட்டத்துல சுத்துறதால ஒரே முகத்தைக் காட்டிட்டே சுத்தும், நம்ம நிலா மாதிரி. எங்கப்பாட்ட இதைச் சொன்னேன். 'ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சை மாவா நிக்கும். திருப்பிப் போட ஒரு ஆள் இல்லாத கல்லா?'ன்னு கேட்டாரு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ ஓரத்துல?"

"அதேதான் மாமா! ஓரத்துல, ரெண்டும் சேர்ற இடத்துல, பக்குவமா இருக்கலாம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீயும் இத்தனை நாளா இதைத்தானே படிக்கறே? ஒருநாள் இப்படிச் சொல்லியிருக்கியோ?"

நீங்கள் ஒருநாள் கேட்டதுண்டா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அவள் போன பிறகு அம்மா, "பாந்தமான பொண்ணு" என்றாள். அப்பா, "நன்னா விஷயம் தெரிஞ்சவ, கேட்டோ" என்றார். அவள் அப்பா பரோட்டாக் கல்லைக் கொண்டு மகளின் படிப்பைப் புரிந்துகொண்டார். என் அப்பா அதைப் புரிந்துகொள்ளவும் அவளேதான் வர வேண்டியிருந்தது.

இரண்டாவது வருடக் கடைசியில் எனக்கு ஒரு கோள் கிடைத்தது. கிடைத்ததாகத்தான் நம்பினேன். சுத்தமான பள்ளங்கள், நான்கு நாளுக்கு ஒன்று, கடிகாரம் வைத்தது போல. சாரிடம் காட்டுவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோவிலுக்குப் போன இடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்து, "அதுக்குப் பேர் வைக்கறது யாரு? நீயா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டு எனக்கு நினைவில்லை.

மறுநாள் அந்தத் தாளை அவளிடம் கொடுத்தேன். சரிபார்ப்பதற்காகக் கொடுக்கவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வழக்கம் போலத் தலைமாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு நேராக வைத்து, ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் வைத்துக்கொண்டே போனாள்.

"ஒண்ணு, மூணு, அஞ்சு, எல்லாம் ஒரே ஆழம். ரெண்டு, நாலு, ஆறு கொஞ்சம் மேல நிக்குது. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"இது ரெண்டு நட்சத்திரம்ட்டி. ஒண்ணை ஒண்ணு சுத்துது. இது அதை மறைச்சா ஒரு ஆழம், அது இதை மறைச்சா வேற ஆழம். நம்ம குள்ளனுக்குப் பின்னாடி, ரொம்பத் தூரத்துல எங்கயோ கிடக்கு. அதோட வெளிச்சம் இதுல கலந்துட்டு." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நான் தப்பாப் பாத்திருக்கலாம். நீ ஒரு தடவை பக்கத்துல இருக்கிற வெளிச்சத்தைத் தனியா எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். அவள் தப்பாகப் பார்த்திருக்கவில்லை. மங்கலாக ஒரு ஜோடி அங்கே ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தது. முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் சோதனை அது. ஆசையில் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. "போனாப் போறது, இன்னொண்ணு கிடைக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்லேன்னு கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னேன்.

"அவளா! கெட்டிக்காரி!" என்றார்.

நான்காம் வருடம் மழைக்காலம். அவளுடைய உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. வெளிநாட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். உறுதியான கண்டுபிடிப்பு ஒன்று கையில் இருந்தால் கிடைத்துவிடும் என்று சார் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஈரக் குடையைக்கூட மடக்காமல் வந்து ஒரு தாளை என் மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு கிடைச்சிருக்கு. இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நீ அடிச்சுப் பாரு."

எங்கள் பேச்சில் அடித்துப் பார்ப்பது என்றால், உடைக்க முடிந்தால் உடைப்பது. ஒருவர் கண்டதை வேறொருவர் ஆரம்பத்திலிருந்து, தன் சொந்தக் கணக்குகளைக் கொண்டு சரிபார்க்காமல் வெளியே சொல்லக்கூடாது என்பது துறையின் வழக்கம். சாரும் வந்து, "வேற ஒரு ஆளு பாக்கட்டே. அது கழிஞ்சா உடனே எழுதி அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் நான்தான்.

மூன்று நாள் வேலை. ஒற்றை, இரட்டைப் பள்ளங்களை ஒப்பிட்டேன். பக்கத்து வெளிச்சங்களை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்புள்ளி சுழன்று வந்து இப்படிக் காட்டுகிறதா, அது சீறியதால் கோடு கெட்டிருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். ஒரு பிழையாவது இருக்காதா என்று பசியோடு தேடினேன். பிழையே இல்லை. ஒன்பது நாளுக்கு ஒரு முறை, பூமியை விடக் கொஞ்சம் பெரிய கோள் ஒன்று அந்தச் சிவப்பு நட்சத்திரத்தின் குறுக்கே அழகாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்பதற்குச் சற்றே சூடான இடம்தான். ஆனாலும் கோள்.

புதன்கிழமை மதியம் முடித்தேன். மூன்று மணிக்கு அவள் வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னும் முடியலை. ஒரு எடம் இடிக்கறது" என்றேன்.

இரண்டே வாக்கியம். இரண்டும் பொய்.

இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால்கூட எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கோள் இல்லாத நாட்கள் எப்படி இருக்கும் என்று அவளும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டுமே. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தன் தாள்களோடு உட்கார்ந்துவிட்டாள். மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. நகத்தைக் கடித்தாள். அவள் நகம் கடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் திரையில் ஏதோ ஒரு பழைய கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முடித்துவிட்ட வேலையைச் செய்வது போல நடித்தேன்.

இப்படிப் பத்து நாள்.

பதினோராம் நாள் காலை சார் கையில் கைப்பேசியோடு எங்கள் அறைக்கு ஓடி வந்தார். வேறொரு நாட்டு ஆராய்ச்சிக் குழு அதே நட்சத்திரத்தில், அதே ஒன்பது நாள் கோளை அறிவித்திருந்தது. "கையில இருந்ததாணு. போயி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். படித்தாள். தன் தாள்களைப் புரட்டி அவர்கள் எண்ணையும் தன் எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அதே நாள் சார்! ஆழமும் அதே! அப்போ நெஜமாவே இருக்கு, அல்லே?"

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடந்தது உறைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள். கண் நிறைந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தாள்.

சார் என்னிடம் திரும்பினார். "நீ நோக்கினது என்னாயி?"

"இன்னிக்குத்தான் முடிஞ்சது சார். சரியாத்தான் இருக்கு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

அப்போதுதான் அவள், "சார், இன்னொண்ணும் இருக்குன்னு தோணுது" என்றாள். அந்தப் பத்து நாளும் அவள் தன் பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். பிழை கிடைக்காததால், ஒன்பது நாள் பள்ளங்களை எல்லாம் கோட்டிலிருந்து அகற்றிவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். மிச்சத்தில், இருபத்தாறு நாள் இடைவெளியில், மூன்று மெல்லிய பள்ளங்கள். தலைமாற்றி வைத்தால் அப்படிப் பள்ளம் எதுவும் தெரியவில்லை. இன்னொரு கோள், வெளிப்பக்கம். தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய தூரத்தில். அந்த வெளிநாட்டுக் குழுவின் கண்ணில் அது பட்டிருக்கவில்லை.

அதையும் நான்தான் சரிபார்த்தேன். இந்த முறை ஒன்றரை நாளில் கொடுத்தேன். நேர்மையால் அல்ல, சார் பார்த்த பார்வையால். சில மாதம் கழித்து வேறோர் இடத்துத் தொலைநோக்கியும் அந்தப் பள்ளத்தைப் பார்த்து உறுதி செய்தது. கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சாகும் முன்பே இணையத்தில் வந்தது. முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. உயிர்கள் வாழும் கோள் என்று ஒரு பத்திரிகை எழுத, அவள் அவர்களைப் போனில் கூப்பிட்டு, "வாழும் இல்ல, வாழ வாய்ப்பிருக்கலாம்" என்று திருத்தப் படாதபாடு பட்டாள். வெளிநாட்டு வேலை கிடைத்தது. அப்பா அந்தச் செய்தியை வெட்டி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

நான் உடனே சொல்லியிருந்தால் அவள் ஒன்பது நாள் கோளோடு நின்றிருப்பாள். சொல்லாததால் அவளுக்கு அதைவிட நல்லது கிடைத்தது. நான் செய்த துரோகம்கூட அவள் பக்கம்தான் வேலை பார்த்தது. ஒரு பொறாமைக்காரிக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தைய வாரம், ஒரு மதியம், தம்பானூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அவள் தன் கண்ணாடித் தம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன். என் முதல் கிரகத்துல நீ என்ன தப்பு பாத்த?"

"என்ன தப்பு?"

"நீ மூணாம் நாளே முடிச்சிட்ட. எனக்குத் தெரியும். பொதுக் கம்ப்யூட்டர்ல உன் கணக்கு முடிஞ்ச தேதி இருக்கும்லா. நீ சொல்லலைன்னதும், ஏதோ தப்பு கண்டுட்ட, என் மனசு நோகும்னு சொல்லாம இருக்கேன்னு நெனச்சேன். உன் கிரகத்தை நான் அப்படி மூஞ்சிக்கு நேரே இல்லைன்னு சொன்னேன். நீ எனக்காக யோசிச்சு யோசிச்சு நிக்குற. அதை நெனச்சா எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ சொல்றதுக்கு முன்னாடி அந்தத் தப்பை நானே கண்டுபிடிச்சிரணும்னுதான் உக்காந்து தேடினேன். கடைசி வரைக்கும் கிடைக்கலை. என்னதான் அது?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. கரும்புள்ளியில் சந்தேகம் வந்தது, பிறகு தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் நம்பிவிட்டு, போகிற ஊரிலும் அந்த இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

"தப்பே இல்லை" என்றேன். "உனக்குக் கிடைச்சது எனக்குப் பொறுக்கலை. அதான் சொல்லலை."

பஸ்கள் உறுமிக்கொண்டு போயின. அவள் என்னைப் பார்க்கவில்லை. டீயை முழுக்கக் குடித்துத் தம்ளரைப் பலகையில் வைத்தாள்.

"என்னெல்லாமோ யோசிச்சேன்ட்டி. இதை யோசிக்கலை."

"மன்னிச்சுக்கோ."

"அந்தப் பத்து நாளும் உன் மேல எவ்வளவு பிரியமா இருந்தேன் தெரியுமா?" குரல் உயரவில்லை. "வீட்டுல எங்கம்மாட்ட சொன்னேன், இப்படி ஒரு கூட்டுக்காரி கிடைக்காதுன்னு."

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்றேன். இன்னும் அச்சுக்குப் போகவில்லை, திருத்த நாள் இருந்தது. அவள் தலையசைத்தாள்.

"ரெண்டாவதை நீ ஒழுங்காத்தான் பாத்திருக்க. அதுல தப்பு இல்லை. பேர் இருக்கட்டும்."

அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டாள். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வா என்று கூப்பிடவில்லை. அதன் பிறகு எனக்கு எழுதவில்லை, நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு விஷுவுக்கும் அப்பாவுக்குப் போன் வரும். அப்பா கூடத்தில் நடந்துகொண்டே சிரித்துச் சிரித்துப் பேசுவார். அது முடிந்து, "உன்னையும் விசாரிச்சா" என்பார். விசாரித்திருக்க மாட்டாள். அப்பா சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பட்டம் வாங்கியதும் ஆராய்ச்சியை விட்டேன். இப்போது கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. போன வருடம் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய செய்தியை யாரோ தோண்டியெடுத்திருக்க வேண்டும். மறுத்திருக்கலாம். மறுக்காமல் போனேன். வாசலில் பெரிய பேனர். புதிய கோளைக் கண்டுபிடித்த நம் ஊர் விஞ்ஞானி என்று போட்டு, கீழே என் பெயரை என் முகத்தை விடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதை நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசத் தொடங்கும் முன்பே முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து மலையாளத்தில் கேட்டாள்: "மிஸ், அதைக் கண்டுபிடிச்ச அந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்தது?"

மேடையில் தலைமையாசிரியை புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. தாளின் மேல் குனிந்த தலை, ஈரக்குடை, கடித்த நகம், எல்லாமே நான் பார்த்தவை. என்னுடையதாக மாற்றிச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது.

"கண்டுபிடிச்சது நான் இல்லை" என்றேன். "கண்டுபிடிச்சவ பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பொறாமையா இருந்தது."

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியையின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவளைப் பற்றியே பேசினேன். வாசல் காவலாளி, ஸ்கேல், பத்து நாள் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. முடிக்கும்போது அதே பெண் மறுபடியும் எழுந்து, "அவங்க பேர் என்ன மிஸ்?" என்றாள்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுத வேண்டுமானால் அவளைக் கேட்க வேண்டும். கேட்கிற உரிமை இப்போது எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்குக் குழந்தை கேட்டுவிட்டது. சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மலையாளத்தில் பெரிதாக எழுதினேன். நாற்பது தலைகளும் நிமிர்ந்து அதைப் பார்த்து, குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டன.

பேனரில் இருந்த என் பெயரை ஒருத்தியும் எழுதிக்கொள்ளவில்லை. அதையும் கவனித்தேன்.